அகத்தித் தீவின் கட்டுச்சோறு

வெளியூர் விமான நிலையம் ஒன்றில் பிள்ளை குட்டிகளுடன் காத்திருந்த அனுபவம் தங்களில் பலருக்கும் இருக்கும். பசியெடுத்ததும் நம்மவர் முதலில் என்ன செய்கிறோம்? கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி வைத்துள்ள பண்டங்களை ஒவ்வொன்றாக நோக்கி, "இது ஹலாலானதுதானா?" என்று கடைக்காரரைக் கேட்கிறோம். அவர் தலையசைக்கும் விதம் நமக்கு மன நிறைவைத் தருவதில்லை. கடைசியில் ஒரு ரொட்டித் துண்டும் தேநீருமாகப் பசியை அடக்கிக் கொண்டு விமானம் ஏறுகிறோம்.

இந்தக் கேள்விக்கே இடமில்லாத ஒரு விமான நிலையத்தை நான் கண்டு வந்தேன். அங்கே விற்கப்படுவது எதுவாயினும் தயங்காமல் வாங்கி உண்ணலாம். விற்பவர் முஸ்லிம், சமைத்தவர் முஸ்லிம், அறுத்தவரும் முஸ்லிம். ஆனால் நாங்கள் அமர்ந்திருந்த அன்று, விற்பதற்குத்தான் அங்கு எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

இலட்சத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த அகத்தித் தீவைத்தான் குறிப்பிடுகிறேன். பெயரைக் கேட்டதும் நம் இல்லத்தரசிகளுக்கு அகத்திக் கீரை நினைவுக்கு வரக்கூடும். எனக்கும் வந்தது. ஆனால் அந்தத் தீவுக்குக் காய்கறியும் கீரையும் பெரும்பாலும் கப்பலேறித்தான் வருகின்றன என்பதை அங்கு சென்ற பின்னரே அறிந்தேன்.

கொச்சிக்கு மேற்கே ஏறத்தாழ 460 கிலோ மீட்டர் தொலைவில், அரபிக் கடலின் நடுவே கிடக்கும் பவளத் தீவு அது. நீளம் 7 கிலோ மீட்டருக்குச் சற்று மிகும். அகலமோ மிகுந்த இடத்திலும் 1 கிலோ மீட்டர்தான். 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் சுமார் 7,500 பேர். இலட்சத்தீவில் மக்கள் குடியிருக்கும் தீவுகள் பத்து. மக்கள் தொகையில் நூற்றுக்கு 96 பேருக்கும் மேலானோர் முஸ்லிம்கள். நமக்கும் இத்தீவுகளுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு என்பதைப் பலர் மறந்து விட்டனர். 1956 நவம்பர் 1 ஆம் நாள் தனி ஒன்றியப் பகுதியாகப் பிரிக்கப்படும் வரை, அகத்தி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது.

பத்துத் தீவுகளுக்கும் சேர்த்து விமான நிலையம் ஒன்றே ஒன்றுதான். 1988 ஆம் ஆண்டில் அது திறக்கப்பட்டது. தீவின் தென்கோடியில், நிலம் ஒரு நாக்குப் போல ஒடுங்கிக் கடலுக்குள் நீளும் இடத்தில் ஓடுபாதையை அமைத்திருக்கின்றனர். நீளம் 1,200 மீட்டர் அளவே. விமானம் இறங்குகையில் இடப்பக்கச் சன்னலிலும் கடல், வலப்பக்கச் சன்னலிலும் கடல். எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த என் உம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு ஸலவாத் ஓதியவாறே இருந்தார்கள். சக்கரம் தரையைத் தொட்ட பின்னும் நெடுநேரம் கண்களைத் திறக்கவில்லை.

2022 நவம்பரில் நாங்கள் சென்றோம். பல்லாண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் அகத்தியைச் சேர்ந்தவர். அவருடைய தங்கையின் நிகாஹுக்கு வந்தே தீர வேண்டும் என்றும், உம்மாவையும் அழைத்து வர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். அத்தீவுக்கு நினைத்தவுடன் புறப்பட்டுவிட இயலாது. நுழைவு அனுமதி பெற வேண்டும். தீவுவாசி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நம் ஊர்க் காவல் நிலையத்தின் நற்சான்றும் வேண்டும். அவற்றையெல்லாம் அவரே முன்னின்று முடித்துத் தந்தார்.

நிகாஹ் சிறப்பாக நடந்தேறியது. அதைப் பற்றி எழுதப் புகுந்தால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும். நான் சொல்ல வந்தது திரும்பி வந்த நாளைப் பற்றி.

அன்று காலை மாணவரின் மனைவியார் ஒரு பெரிய பொதியைக் கட்டி வைத்திருந்தார். தேங்காய்ச் சோறு, பொரித்த சூரை மீன், பத்திரி, அவித்த முட்டை. "வழியில் உண்ணுங்கள்" என்றார். நான் மறுத்துவிட்டேன். ஓடுபாதை குறுகியதாகையால் அங்கிருந்து எழும் விமானம் முழுப் பாரத்தையும் ஏற்றிக்கொள்வதில்லை. ஆகவே பயணிகளின் பெட்டியை நிறுத்துப் பார்ப்பதில் கண்டிப்புக் காட்டுவர் என்று கேள்வியுற்றிருந்தேன். "பாரம் கூடிவிடும். ஒன்றரை மணி நேரப் பயணம்தானே? நண்பகலில் கொச்சியில் சாப்பிட்டுக் கொள்வோம். அல்லாஹ் போதுமானவன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்மணியின் முகம் வாடியதைக் கண்டும் காணாதவன் போல் இருந்தேன். மூன்று நாட்களாக அவர்கள் எங்களுக்காகச் செய்த செலவும் சிரமமும் என் மனத்தை உறுத்திக் கொண்டிருந்தன என்பதும் உண்மையே. இனியும் பெற்றுக் கொள்வது தகாது என எண்ணினேன். இப்பொழுது நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணத்தில் சிறிது தற்பெருமையும் கலந்திருந்தது.

உம்மாவுக்குச் சீனி வியாதி இருபது ஆண்டுகளாக இருந்து வருகிறது. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக் கொள்வார்கள். அன்றும் போட்டுக் கொண்டார்கள். ஆனால் விமானம் ஏறப் போகும் அச்சத்தில் அரைப் பத்திரிக்கு மேல் உள்ளே செல்லவில்லை. "அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம் தம்பி" என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

மாணவர் எங்களைக் காலை 9 மணிக்கு விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். மதிய மதரஸாவில் அவருக்கு வகுப்பு இருந்தமையால், காத்திருக்க வேண்டாம் என்று நானே வலிந்து அனுப்பி வைத்தேன். பெட்டியை நிறுத்தனர், சீட்டு ஒட்டினர், எடுத்துச் சென்றுவிட்டனர். அந்தப் பெட்டிக்குள்தான் உறவினருக்கென வாங்கிய தென்னை வெல்லமும், தேங்காய் உருண்டைகளும், ஒரு கட்டு மாசியும் இருந்தன. எங்கள் கையில் எஞ்சியவை ஒரு குடை, உம்மாவின் மருந்துப் பை, என் குறிப்பேடு ஆகியவையே.

நிலையம் என்ற சொல்லைக் கேட்டுப் பெரிய மாளிகையை எண்ணிக் கொள்ளாதீர்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் அளவே உள்ள கட்டடம். வெளியே தென்னை மரங்கள். அவற்றுக்கப்பால் கடலின் பச்சை நிறம். ஒரு சிறு தேநீர்க் கடை இருந்தது. முந்தி வந்தவர்கள் அங்கிருந்த சிற்றுண்டியை வாங்கித் தீர்த்துவிட்டனர். விமானம் வரும் நேரத்தைக் கணக்கிட்டுச் சரக்கு வைக்கும் கடை அது. விமானம் வராத நேரத்துக்கு அவர் என்ன செய்வார்? கடைக்காரர் காலிக் குடுவையைச் சாய்த்துக் காட்டிச் சிரித்தார். அவர் மீது குறை ஏதுமில்லை.

பத்தரை மணிக்குச் செய்தி வந்தது. கொச்சியில் கனமழை, விமானம் இன்னும் அங்கிருந்து கிளம்பவில்லை.

முதல் ஒரு மணி நேரம் நான் பெரிதும் பொருட்படுத்தவில்லை. குடிநீர் இருந்தது, இருவரும் பருகினோம். அந்தத் தண்ணீரைப் பற்றி நான் இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் முந்தைய நாள்தான் அதன் வரலாற்றை மாணவர் எனக்கு விளக்கியிருந்தார்.

அகத்தியில் ஆறு இல்லை, ஏரி இல்லை, குன்று கூட இல்லை. மழை நீர் பவள மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கிறது. நன்னீர் உப்பு நீரை விட இலேசானது என்பதே இதன் இரகசியம். கிணறு தோண்டினால் சில அடிகளிலேயே நீர் கிடைத்துவிடும். கடல் ஏறும்போது கிணற்று நீரும் ஏறுகிறது, வற்றும்போது இறங்குகிறது. ஆத்திரப்பட்டு மோட்டார் வைத்து இறைத்தாலோ அடியிலுள்ள உப்பு மேலே வந்துவிடும். ஒரு முறை உப்பேறிய கிணறு மீள நெடுங்காலம் ஆகும். மக்கள் நெருங்கி வாழ்வதால் கழிவு நீரும் அந்த வில்லையைத் தொட்டுவிடுகிறது. ஆகவே குடிப்பதற்குக் கிணற்றை மட்டும் நம்ப முடியாது.

இதற்கு வழி கண்டவர்கள் நம் சென்னையில், பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தினர் என்பதைக் கேட்டு எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. கடலின் மேற்பரப்பு நீர் அங்கே ஏறக்குறைய 28 பாகை வெப்பமுடையது. முந்நூறு மீட்டருக்கும் கீழே செல்லச் செல்ல நீர் குளிர்ந்துவிடுகிறது. காற்றை வெளியேற்றிய ஓர் அறைக்குள் மேல் நீரைச் செலுத்தினால், அடுப்பின்றியே அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. ஆழத்திலிருந்து குழாய் வழியே ஏற்றிய குளிர் நீரைக் கொண்டு அந்த ஆவியைக் குளிர்வித்தால் நல்ல தண்ணீர் சொட்டுகிறது. 2005 ஆம் ஆண்டில் கவரத்தித் தீவிலும், 2011 ஆம் ஆண்டில் மினிக்காயிலும் அகத்தியிலும் இத்தகைய நிலையங்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 1 இலட்சம் லிட்டர் தரும் வகையில் அமைக்கப்பட்டது. அகத்தியின் 7,500 பேருக்கு அதைப் பங்கிட்டால் தலைக்கு 13 லிட்டர் வருகிறது. நம் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்! விருந்தாளியாகச் சென்ற நான் அந்த 13 லிட்டரிலிருந்துதான் பருகினேன். 2024 ஜனவரியில் பிரதமர் இலட்சத்தீவுக்குச் சென்று வந்த பின்னர் அங்கு சுற்றுலாச் செல்லும் ஆர்வம் நாடெங்கும் பெருகியிருக்கிறது. செல்பவர்களும் அழைப்பவர்களும் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் நல்லது.

லுஹர் நேரம் நெருங்கவே, ஒளுச் செய்யச் சென்றேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத் அளவு நீரில், அதாவது நம் கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளுச் செய்தார்கள் என்று எத்தனையோ ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொண்டே அதை நடத்திய நாட்களும் உண்டு. அன்றுதான் குழாயைச் சிறிதே திறந்து, மூடி, மீண்டும் திறந்து ஒளுச் செய்தேன். பயணியாகையால் லுஹரையும் அஸரையும் சுருக்கியும் சேர்த்தும் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தேன்.

உம்மா தூணில் சாய்ந்திருந்தார்கள். நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை அரும்பியிருந்தது. கடற்காற்று வீசிக் கொண்டிருந்த இடம் அது. வியர்ப்பதற்குக் காரணமே இல்லை. "உம்மா!" என்றேன். பார்த்தார்கள்; ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கைகள் நடுங்கின. "வாப்பாவுக்குச் சோறு வெச்சாச்சா?" என்று கேட்டார்கள். என் வாப்பா மௌத்தாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இன்சுலின் போட்டுக் கொண்டவருக்கு உணவு தாமதமானால் இரத்தத்தில் சீனி குறைந்துவிடும் என்பதையும், உடனடியாக இனிப்புக் கொடுக்காவிடில் நினைவு தப்பிப் பேராபத்தாக முடியும் என்பதையும் மருத்துவர் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். எல்லாம் தெரியும். மருந்துப் பையைக் கவிழ்த்தேன். ஒரு மிட்டாய் இல்லை. தேநீர்க் கடைக்கு ஓடினேன். பூட்டிக் கொண்டு போயிருந்தார். எங்களை இறக்கிவிட்ட வண்டிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டன. ஊரோ சில கிலோ மீட்டர் தொலைவில்.

நான் பதறுவதைக் கண்டு ஒரு பெண் எழுந்து வந்தார். ஆறு வயது மதிக்கத்தக்க மகனைக் கொச்சியிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் அவர். குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு. முதியவரான தம் தந்தையுடன் ஒரு மூலையில் அமர்ந்திருந்தார். தீவினரின் பேச்சு மலையாளத்துக்கு நெருங்கிய ஜெசரி மொழி. வேகமாகப் பேசினால் எனக்கு விளங்குவதில்லை. அவரோ பேசவே இல்லை. கையிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்து, காய்ந்த இலையில் பொதிந்த ஓர் உருண்டையை எடுத்தார். தேங்காய்த் துருவலையும் தென்னை வெல்லத்தையும் கிளறி உருட்டியது. அதை விரலால் மசித்து, தண்ணீரில் கரைத்து, உம்மாவின் தலையைத் தம் தோளில் சாய்த்துக் கொண்டு சிறிது சிறிதாகப் பருகச் செய்தார். "உம்மா, உம்மா" என்று அழைத்துக் கொண்டே இருந்தார். தாயை அழைக்கும் சொல் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றாயிருந்தது.

கால் மணி நேரம் கழிந்தது. அந்தக் கால் மணி நேரத்தை எழுத எனக்குச் சொற்கள் இல்லை.

உம்மா கண்ணைத் துடைத்துக் கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதலில் என்னைப் பார்த்து, "ஏன் தம்பி அழுறே?" என்றார்கள். பிறகு அந்தப் பெண்ணின் மூட்டையைப் பார்த்தார்கள். அதன் மேல் கிடந்த மரக்கட்டை போன்ற ஒன்றை எடுத்து முகர்ந்தார்கள். "மாசி!" என்றார்கள். அந்தப் பெண்ணும் "மாஸ்" என்று தலையசைத்தார்.

கடற்கரை ஊர்களில் வாழும் நம் வாசகியருக்கு மாசியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சூரை மீனை உப்பு நீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் கல்லாகும் வரை காய வைத்தால் மாசி. உரலில் இடித்துச் சம்பலாக்கினால் வேறு ஆணம் தேவைப்படாது. மாதக்கணக்கில் கெடாது. குளிர்ப்பெட்டி அறியாத காலத்தில் கப்பலோடிகளின் கட்டுச்சோறு அதுதான். மூஸா (அலை) அவர்களும் உடன் சென்ற இளைஞரும் கூடையில் ஒரு மீனைத்தான் எடுத்துக் கொண்டு பயணம் புறப்பட்டார்கள் என்பதை நாம் அறிவோம். அதை உப்பிட்ட மீன் என்று விளக்கவுரையாளர்கள் எழுதுகின்றனர். அகத்தியினர் சூரை பிடிப்பதில் தேர்ந்தவர்கள். காயலில் சிறு மீன்களைப் பிடித்து உயிருடன் படகில் வைத்துக் கொண்டு, ஆழ்கடலில் அவற்றை வீசிச் சூரைக் கூட்டத்தை ஈர்த்து, தூண்டிற் கழியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகில் எறிவர். வலை போடுவதில்லை. ஆகையால் வேண்டாத மீன்கள் வீணாக மடிவதுமில்லை.

மூட்டையில் வேறு என்ன இருந்தது என்பதை நான் பிறகே அறிந்தேன். பத்து நாட்களோ அதற்கு மேலோ கொச்சி மருத்துவமனையில் தங்க நேரிடும் என்று எண்ணி, மூவருக்கும் வேண்டியதை அவர் கட்டி எடுத்து வந்திருந்தார். பட்டணத்தில் மூன்று வேளையும் விலை கொடுத்து வாங்கி உண்ண அவர்களால் இயலாது. அந்த உருண்டைகள் மகன் மருந்து குடிக்கும்போது கொடுப்பதற்கென வைத்திருந்தவை. எண்ணி எடுத்து வந்தவை. அவற்றில் இரண்டு என் உம்மாவுக்குச் சென்றன.

இவ்விடத்தில் என்னைக் குறித்து ஒரு செய்தியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். யமன் நாட்டினர் சிலர் உணவு ஏதும் எடுத்துக் கொள்ளாமல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு வருவர். தாங்கள் இறைவனையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறிக் கொள்வர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் இரந்து நிற்பர். பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துச் செல்லுமாறு பணிக்கும் இறைவசனம் அவர்கள் பொருட்டே இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. இதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். எனக்குச் சோற்றுப் பொதி கட்டித் தந்த அந்த வீட்டின் தலைவரும் இதை என்னிடம்தான் படித்தார். அவருடைய வாசலில் நின்று கொண்டுதான் நான் "அல்லாஹ் போதுமானவன்" என்று பொதியை மறுத்தேன்.

ஒரு மணியளவில் வாசலில் இருசக்கர வண்டி வந்து நின்றது. மாணவர்! பின் இருக்கையில் அந்தப் பொதி. காலையில் இருந்ததை விட இரு மடங்கு பெரிதாக. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "விமானச் சத்தம் கேட்கவில்லையே, உஸ்தாத்" என்றார். அத்தீவில் விமானம் வந்து இறங்குவதும் எழுவதும் எல்லா வீட்டு முற்றத்திலும் கேட்கும். நண்பகலாகியும் சத்தம் கேட்காமற் போகவே, அவருடைய மனைவியார் மீண்டும் அடுப்பை மூட்டிவிட்டாராம். எங்களுக்கு மட்டுமன்று, காத்திருக்கும் யாவருக்குமாக.

பொதியை அவிழ்த்து விரித்தோம். அந்தப் பெண்ணும், குழந்தையும், முதியவரும், கொச்சியில் படிக்கும் மாணவர் இருவரும், பணியிலிருந்த காவலர் ஒருவரும், எங்களுடன் ஒரே விரிப்பைச் சுற்றி அமர்ந்தனர். அந்தச் சோற்றின் அரிசி கப்பலில் வந்தது. மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை மழைக்காலக் கொந்தளிப்பில் சரக்கேற்றும் மரக்கலங்கள் ஓடுவதில்லை; அக்காலத்துக்கு வேண்டியதை முன்கூட்டியே சேமித்தாக வேண்டும். நாங்கள் சென்ற நவம்பரில் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. எனினும் அந்த வீட்டில் அரிசியை அளந்து போடும் பழக்கம் மாறியிருக்கவில்லை என்பதை மூன்று நாட்களாக நான் பார்த்திருந்தேன். அளந்து போடும் அந்தக் கைதான் அன்று அளக்காமல் போட்டிருந்தது.

அகத்திக்கோ, அது போன்ற வேறொரு சிறு தீவுக்கோ செல்லும் வாய்ப்பு தங்களுக்குக் கிட்டினால், இன்ஷா அல்லாஹ், ஒன்று செய்யுங்கள். இறங்கும் நேரத்தை வைத்து உணவைக் கணக்கிடாதீர்கள். விமானம் அன்று வராமலே போனால் என்ன உண்போம் என்று கணக்கிடுங்கள். இரவில் அங்கே விமானம் இறங்குவதில்லையாகையால், பகல் கழிந்தால் மறுநாள்தான். பேரீச்சம் பழம் ஒரு பிடியேனும் பெட்டியில் அன்று, கைப்பையில் இருக்கட்டும். சீனி வியாதியுள்ளவர் உடன் வந்தால் இதை மறக்கவே கூடாது. தண்ணீர்க் குடுவையை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். வெறும் பிளாஸ்டிக் குப்பிகளை அங்கே விட்டு வராதீர்கள். ஒரு கிலோ மீட்டர் அகலமுள்ள நிலத்தில் அவற்றைப் போட இடம் எங்கே இருக்கிறது? விருந்தளித்தவர் வழிக்கென்று எதையேனும் கட்டித் தந்தால், பாரத்தைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள். வேறு எதையேனும் இறக்கி வையுங்கள்.

இரண்டரை மணிக்கு விமானம் வந்தது. கொச்சியில் மழை விட்டிருந்தது. அங்குள்ள விமான நிலையத்தில் எங்கு நோக்கினும் கடைகள். உம்மா என் கையைப் பிடித்துக் கொண்டு ஒரு கடைக்கு நடந்தார்கள். பன் ரொட்டி, வாழைப்பழம், பிஸ்கட்டுப் பொட்டலங்கள், ஒரு பெட்டி இனிப்பு என்று சுட்டிக் காட்டிக் கொண்டே போனார்கள். விலையைக் கேட்கவில்லை, என்னையும் கேட்க விடவில்லை. அந்தப் பெண்ணையும் குழந்தையையும் முதியவரையும் எங்கள் வாடகைக் காரிலேயே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இறங்கும்போது அவர் வாங்க மறுத்தார். கைகளைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய துணி மூட்டையைத் தம் மடியில் எடுத்து வைத்து, முடிச்சை அவிழ்த்து, வாங்கியவற்றையெல்லாம் மாசிக்கு அடியில் ஒவ்வொன்றாக அடுக்கி, மீண்டும் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்கள்.